“எல்லாம் நாங்கள்தானே பார்க்கிறோம், பிறகு என்ன குறை?”

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அவருடைய தம்பிக்கு 24 வயது. பிறப்பிலிருந்தே மூளை வாதம், சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். பேச்சு வெளியாட்களுக்கு விளங்காது, ஆனால் அவருக்கு எல்லாம் விளங்கும், போனில் செய்தி வாசிப்பார். கொஞ்சக் காலமாக “என்னைக் கேட்காமல் எதுவும் செய்யாதீங்க” என்று வீட்டில் ஒரே சண்டை. அம்மா “எல்லாம் நாங்கள்தானே பார்க்கிறோம், பிறகு என்ன குறை?” என்று அழுகிறாராம். இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர், நீதிமன்றத்தில் தம்பியைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று எழுதி அம்மாவின் பொறுப்பில் எடுத்துவிட்டால் காணி, வங்கி அலுவல் எல்லாம் சுகமாகிவிடும் என்று யோசனை சொல்லியிருக்கிறார். தம்பி வேலைக்குப் போக வேண்டும் என்று வேறு நிற்கிறார். “அவரைத் தனக்காகக் கதைக்கப் பழக்குவது எப்படி, நாங்கள் எதுவரை விடலாம்?” இதுதான் கேள்வி.

தங்கச்சி, உங்கள் தம்பி ஏற்கெனவே தனக்காகக் கதைக்கத் தொடங்கிவிட்டார். அந்தச் சண்டைதான் அது. அதை அடக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. நானும் சின்ன வயதில் போலியோ வந்து ஊன்றுகோலில் நடக்கிற ஆள், கொழும்பில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளோடு நீண்ட காலம் வேலை செய்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

சுதந்திரம் என்றால் எல்லாவற்றையும் தானே தன் கையால் செய்வது என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் “அவனால் ஒரு கோப்பை தண்ணீர்கூட எடுத்துக் குடிக்க ஏலாது, அவனுக்கு என்ன சுதந்திரம்?” என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் போலியோ, கழுத்துக்குக் கீழே ஒன்றிரண்டு விரல்கள் தவிர ஏறக்குறைய எதுவும் அசையாது, இரவில் மூச்சுக்காக இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். அந்த நிலையில் 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குள் போனார். அவருக்கு விடுதி அறை இல்லை, அந்த இயந்திரத்தோடு பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியில்தான் இருந்தார். 1972இல் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து அங்கே சுயாதீன வாழ்க்கைக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள், அதன் வழியில் உலகம் முழுக்க எத்தனையோ நிலையங்கள் வந்தன. அவர்களுடைய அடிப்படை எண்ணம் மிக எளிது. சட்டை மாட்டிவிட ஆள் வேண்டும், அது பரவாயில்லை. எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, யார் மாட்டிவிடுவது என்பதைச் சொல்கிற ஆள் சட்டை போடுகிறவர்தான். உதவி எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், தீர்மானம் அவருடையதாக இருக்க வேண்டும்.

இதை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். தம்பி எத்தனை மணிக்குக் குளிக்கிறார் என்று யார் தீர்மானிக்கிறது? அவருடைய அறைக்குள் வருகிறவர்கள் கதவில் தட்டிவிட்டு வருகிறார்களா? விருந்தாளி வந்தால் அவரைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவதும் பிறகு உள்ளே தள்ளிக்கொண்டு போவதும் அவரைக் கேட்டா நடக்கிறது? தலைமுடி எப்படி வெட்டுவது என்று சலூன்காரர் யாரைப் பார்த்துக் கேட்கிறார்? பெரும்பாலான வீடுகளில் இது எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, அவசரத்தில் செய்கிறார்கள், அன்பில் செய்கிறார்கள். ஆனால் 24 வருடமாகச் சின்ன விஷயம் ஒன்றைக்கூடத் தீர்மானிக்க விடாத ஒருவரைத் திடீரென்று ஒரு கூட்டத்தில் கொண்டுபோய் வைத்து “உன் உரிமையைக் கேள்” என்றால் அவர் எங்கே இருந்து தொடங்குவார்? சோற்றுக்கு என்ன கறி என்பதில்தான் தொடங்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள் என்றால், கொழும்பு வீடுகளில் வழக்கமாக அந்த ஆளுக்கு வேலை சொல்வது அம்மாதான். அதை மாற்றுங்கள். இன்று காலை என்ன வேலை, எப்போது வர வேண்டும் என்பதைத் தம்பி சொல்லட்டும், மாதக் கடைசியில் சம்பளத்தையும் தம்பியின் கையால் கொடுக்க விடுங்கள். அந்த ஆள் அவரைப் பார்க்கிற விதமே மாறும்.

காசும் அப்படித்தான். அரசாங்கம் குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயில் இருந்து 10,000 ஆனது. தம்பிக்கு அது கிடைக்கிறதோ இல்லையோ, அவர் பெயரில் வருகிற எந்தக் காசும் அவர் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். கொஞ்சக் காசை முழுக்க அவர் விருப்பத்துக்கு விடுங்கள். அவர் அத்தனையையும் டேட்டாவுக்குப் போட்டுத் தீர்க்கலாம். தீர்க்கட்டும். அடுத்த மாதம் அவரே கணக்குப் பார்ப்பார், நீங்களும் நானும் அப்படித்தானே பழகினோம்.

சரி, பேச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பேச்சு தெளிவில்லாதவர்களின் வீடுகளில் யாராவது ஒருவர் மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறார், பெரும்பாலும் அக்காதான், நாளடைவில் அக்கா சொல்வதே தம்பி சொன்னதாகிவிடும். அக்கா இல்லாத நேரம் தம்பிக்கு வாய் இல்லை. போனில் எழுதி வாசிக்க வைக்கிற வசதிகள் இருக்கின்றன, அவர் விரலால் தட்ட முடிந்தால் கட்டாயம் பழகட்டும். ஆனால் போன் சார்ஜ் இறங்கும், வெயிலில் திரை தெரியாது, நெரிசலில் தட்ட வராது. அதனால் ஒரு எழுத்துப் பலகையும் செய்யுங்கள். ஏ4 தாளில் அச்சடித்து காலி வீதியில் ஏதாவது ஒரு கொமியூனிகேஷன் கடையில் லேமினேட் பண்ணினால் போதும், பெரிய செலவில்லை.

பலர் செய்கிற பிழை, 247 எழுத்தையும் போடப் பார்ப்பது. அவ்வளவு சின்னக் கட்டத்தில் யாருக்கும் விரல் வைக்க வராது. தாளின் முன்பக்கத்திலேயே ஒரு பாதியில் 12 உயிர், மற்றப் பாதியில் 18 மெய், ஒரு ஆய்தம், இவ்வளவும் போதும். முதலில் மெய்யைக் காட்டி, பிறகு உயிரைக் காட்டினால் உயிர்மெய் வந்துவிடும், “ம்” காட்டி “ஆ” காட்டினால் “மா”. சரிந்து போகிற கைக்குக் கட்டங்கள் பெரிதாக இருக்க வேண்டும், கிரந்த எழுத்தில் ஸ, ஜ, ஹ கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், கொழும்பில் ஆட்களின் பெயர்களும் இடங்களின் பெயர்களும் அது இல்லாமல் ஓடாது. கை சுத்தமாக வராவிட்டால் நீங்கள் வரிசை வரிசையாக விரலை ஓட்ட, சரியான வரிசையில் அவர் கண்ணாலோ தலையாலோ சைகை காட்டலாம், பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக. மெதுவாகத்தான் போகும். நீங்கள் வசனத்தை ஊகித்து முடித்து வைக்க வேண்டாம், ஊகித்தால் “இதுவா?” என்று கேளுங்கள்.

பலகையின் மேல் வரிசையில் என்ன போடுவது என்பது முக்கியம். பசி, தண்ணீர், கழிப்பறை என்று மட்டும் போட்ட பலகைகள் நிறையப் பார்த்திருக்கிறேன், வாழ்க்கையில் ஒருவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்பது போல. “வேண்டாம்”, “நான் இன்னும் முடிக்கவில்லை”, “நீங்கள் சொன்னது பிழை”, “எனக்கு யோசிக்க நேரம் வேண்டும்”, “அக்கா, நீ வெளியே இரு”, “இது எனக்கு நோகுது” ஆகியவையும் அங்கே இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பாதுகாப்புக்கும்தான். உடம்பைத் தொட்டு உதவி பெறுகிற ஒருவருக்கு வேண்டாம் என்று சொல்லும் வழி இல்லாவிட்டால், யாராவது கெட்டது செய்தாலும் அது வெளியே வராது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் பெரிய ஆபத்து, அவர்களைப் பூட்டி வைத்துக் காப்பாற்றுவதாக நினைக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். பலகையின் பின்பக்கம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி: “தயவுசெய்து என்னிடம் கேளுங்கள். எனக்கு விளங்கும். பதில் சொல்ல நேரம் வேண்டும்.” கொழும்பில் தமிழ் பேசுகிற, பேச்சு தெளிவில்லாத ஒருவர் அலுவலகத்துக்குப் போனால் இரண்டு சுவர் தாண்ட வேண்டும், ஒன்று பேச்சு, மற்றது சிங்களம். இந்த ஒரு வரி இரண்டுக்கும் உதவும்.

கவுன்டரில் நடப்பது உங்களுக்குத் தெரியும். நாற்காலியில் இருப்பவரைத் தாண்டி, தள்ளிக்கொண்டு வந்தவரைப் பார்த்து “இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்பார்கள். எனக்கே ஒரு அரச அலுவலகத்தில், நான் வடிவாகக் கதைக்கிற ஆள், என் கையில் பேனை இருக்கும்போதே, கூட வந்த என் சகோதரரிடம் “இவங்களுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியுமா?” என்று கேட்டார்கள். அந்த இடத்தில் கூட இருப்பவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பதில் சொல்லாதீர்கள். கேட்டவரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுத் தம்பியின் முகத்தைப் பாருங்கள். நாற்காலியைக் கவுன்டருக்கு நேராகத் திருப்பிவிட்டு ஒரு அடி பின்னால் போங்கள். கேட்டவரின் கண்ணும் உங்கள் கண் போன பக்கம் போகும். முதல் சில தடவை சங்கடமாக இருக்கும், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், அதைத் தாங்க வேண்டியது உங்கள் பங்கு.

இப்போது அந்தச் சொந்தக்காரர் சொன்ன நீதிமன்ற யோசனை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். இலங்கையில் 18 வயது நிரம்பினால் ஒருவர் முழு ஆள். அவருக்கு மூளை வாதம் இருக்கிறது என்பதற்காக அவருடைய கையெழுத்தின் பெறுமதி தானாகக் குறைவதில்லை, அம்மாவுக்குத் தானாக அதிகாரம் வருவதும் இல்லை. சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று மாவட்ட நீதிமன்றம் அறிவித்துச் சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கிற ஏற்பாடு 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் இருக்கிறது. மனநோய் பற்றிய எங்கள் சட்டமோ அதைவிடப் பழையது, 1873. அந்தக் காலத்து எண்ணங்களோடு எழுதியவை. இந்த வழியில் போனால் தம்பி தன் சொத்தைப் பற்றிச் சொல்லும் எதற்கும் பெறுமதி இல்லாமல் போகும், பிறகு அதை மாற்ற மறுபடியும் நீதிமன்றம்தான். அதுவும், எல்லாம் விளங்குகிற, செய்தி வாசிக்கிற ஒரு மனிதரைப் பற்றிப் பொய் சொல்லித்தான் அந்தத் தாளை எடுக்க வேண்டும்.

இதற்கு எதிர்த் திசையில் போகிறது ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம். 2006இல் நிறைவேறியது, இலங்கை 2007இல் கையெழுத்திட்டு 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதி செய்தது. அதன் 12ஆவது உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான தகுதி இருக்கிறது, தீர்மானம் எடுக்க ஆதரவு தேவைப்பட்டால் அந்த ஆதரவை ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 19ஆவது உறுப்புரை, எங்கே யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை பற்றியது. சமவாயம் இன்னும் எங்கள் உள்நாட்டுச் சட்டங்களுக்குள் ஒழுங்காக இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் வீட்டில் அதை நடைமுறைப்படுத்தப் பாராளுமன்றம் தேவையில்லை. காணி, வங்கி அலுவலுக்கு நொத்தாரிசு ஒருவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் அலுவல் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், எழுதலாம். அதில் அதிகாரம் கொடுக்கிறவர் தம்பி, எந்த அலுவலுக்கு மட்டும் என்று எல்லை போடலாம், வேண்டாம் என்றால் அவரே ரத்துச் செய்யலாம். கையெழுத்து வராவிட்டால் பெருவிரல் அடையாளம். நொத்தாரிசு விஷயத்தைத் தம்பிக்கு விளங்குகிற மொழியில் தம்பிக்கே விளக்க வேண்டும், அம்மாவுக்கு விளக்கிவிட்டுத் தம்பியின் விரலைப் பிடித்து வைத்துப்போட்டு வருகிற வேலை கூடாது. பலகையைக் கொண்டு போங்கள்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. “எனக்குப் பிறகு யார் பார்ப்பார்?” என்ற கேள்வி எங்கள் எல்லோருடைய தாய்மாரையும் தூங்க விடாத கேள்வி, என் அம்மாவும் கேட்டவர். அதற்கு ஒரே நேர்மையான பதில், அம்மா இருக்கும்போதே தம்பி அம்மா இல்லாமல் சில நாட்கள் இருந்து பழக வேண்டும் என்பதுதான். உதவிக்கு ஒரே ஆள் மட்டும் தெரிந்திருப்பது ஆபத்து, நாலைந்து பேருக்கு அவரைத் தூக்கவும் ஊட்டவும் அவருடைய பலகையை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மச்சான், பக்கத்து வீட்டுப் பொடியன், பழைய வகுப்பு நண்பன், யாராவது. அவர்களோடு தம்பி கடற்கரைக்குப் போகட்டும், படம் பார்க்கட்டும், பிந்தி வரட்டும். விழுந்து காயம் படலாம், யாராவது ஏமாற்றலாம். அந்த ஆபத்து உங்களுக்கும் எனக்கும் தினமும் இருக்கிறது, நாங்கள் வெளியே போவதை நிறுத்தவில்லையே.

வெளியே போவதென்றால் கொழும்பு எங்களுக்காகக் கட்டிய ஊர் இல்லை. தொடர்மாடியில் லிஃப்ட் இருக்கும், லிஃப்டுக்கு முன்னால் மூன்று படி இருக்கும். நூறாம் நம்பர் பஸ்ஸின் படி என் ஊன்றுகோலுக்கே உயரம், சக்கர நாற்காலியோடு ஏறுவது கனவு. சாய்தளம் போட்டோம் என்று காட்டுவார்கள், ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டிய இடத்தில் நாலு அடியில் முடித்திருப்பார்கள், தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளை வேலையிலும் கல்வியிலும் பொது இடங்களிலும் பாகுபடுத்தக் கூடாது என்று சொல்லி, மீறினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி விட்டது. 2006இல் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் வந்து, ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசமும் கொடுத்தன. தாள் இருந்தது, படி அப்படியே இருந்தது. அதை அசைத்தவர் ஒரு தனி மனிதர், கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர், 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். தன் பெயரிலேயே நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டு, 2011 ஏப்ரலில் புதிய பொதுக் கட்டடங்கள் எல்லாம் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும், கழிப்பறைகள் உட்பட, என்று கட்டளை வாங்கினார். தம்பிக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் ஊரில், எங்கள் வீதிகளில் இது நடந்தது என்று தெரிவது வேறு தைரியம்.

தம்பி தனியாக நிற்கவும் தேவையில்லை. 1980இல் கனடாவின் வினிபெக் நகரில் புனர்வாழ்வு நிபுணர்களின் உலக மாநாடு நடந்தபோது, பிரதிநிதிகளில் பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை தோற்கடிக்கப்பட்டது. எங்களைப் பற்றிக் கதைக்க எங்களை விடமாட்டீர்களா என்று கோபப்பட்டவர்கள் வெளியே வந்து தங்களுக்கென்று ஒரு உலக அமைப்பைக் கட்டினார்கள், அடுத்த வருடம் சிங்கப்பூரில் அதன் முதல் மாநாடு. ஒரு சங்கத்தில் தம்பியைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா, காசுக்கு யார் கையெழுத்து வைக்கிறார்கள்? சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3ஆம் திகதி மேடையில் மற்றவர்கள் பேச, எங்கள் ஆட்கள் கீழே வரிசையில் இருந்து பொதி வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிற இடங்களில் அவர் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. தன்னைப் போன்ற ஒருவர் சண்டை பிடித்து வென்றதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற இடம் வேண்டும். அப்படிப்பட்டவர்களும் கொழும்பில் இருக்கிறார்கள்.

வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் பாருங்கள். பல வீடுகளில் “அவன் எங்கே போய் வாக்குப் போடுறது” என்று பெயரையே விட்டுவிடுகிறார்கள். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் சிறப்பேற்பாடுகள் சட்டத்தின்படி தான் விரும்பிய ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாக்களிக்கலாம், அதற்கான தகுதிச் சான்றிதழை முன்கூட்டியே எடுக்க வேண்டும். துணைக்குப் போகிறவர் அவர் சொன்ன இடத்தில்தான் புள்ளடி போட வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக வேலை. 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. கேட்காத இடத்தில் அது நடப்பதில்லை. தம்பி விண்ணப்பிக்கிற திணைக்களத்தில் இந்த ஒதுக்கீட்டின் கீழ் எத்தனை பேரை எடுத்தார்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் பெயரில் கேட்கலாம், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அரச அலுவலகம் ஒன்று பாகுபடுத்தினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்திலும் முறையிடலாம். ஆனால் காலம் முக்கியம், அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் கெடு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், தமிழ் அரசகரும மொழி. வசனங்களைத் தம்பி பலகையில் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அனுப்ப முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டையும் பிரதியையும் அவருடைய கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு அவருடைய அலுமாரியில், அவர் எடுக்கச் சொன்னால் மட்டும் மற்றவர்கள் எடுக்கிற இடத்தில் இருக்கட்டும்.